நின்றபடிக் கூட்டம்

காலை ஆறரை மணிக்கு முப்பத்தெட்டுப் பெண்களும் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

"மேடம், இது ஸ்டாண்டப் மீட்டிங். எல்லாரும் நிக்கணும்" என்றான் ஹேமநாத்.

சித்தூர் மாம்பழக்கூழ் ஆலையை நவீனமாக்கிவிட்டு வரும்படி பெங்களூர்த் தலைமை அலுவலகம் அனுப்பிவைத்த இளைஞன் அவன். கையில் டேப்லெட், தோளில் கலர் கலராக ஒட்டுச் சீட்டுகள் நிறைந்த பை. அவன் கொண்டுவந்திருந்த முறைக்கு அஜைல் என்று பெயர். வளைந்து கொடுத்து வேகமாக வேலை செய்வதாம். அதில் முதல் சடங்கு, தினமும் பதினைந்து நிமிடம் எல்லாரும் நின்றுகொண்டே பேசுவது. நின்றால் கால் வலிக்கும், கால் வலித்தால் பேச்சு சுருங்கும். நாளெல்லாம் நாற்காலியில் இருப்பவர்கள் யோசித்துக் கண்டுபிடித்த தத்துவம்.

பழம் வெட்டும் வரிசைக்குத் தலைவி அம்சவேணி. பாகாலாவிலிருந்து முதல் பஸ்ஸில் இடம் கிடைக்காமல் நின்றுகொண்டே வந்திருந்தாள். அவள் தரையிலிருந்தபடியே அண்ணாந்து பார்த்தாள்.

"தம்பி, இதுக்கப்புறம் எட்டு மணி நேரம் நாங்க நின்னுக்கினுதான் இருக்கப் போறோம். கால் மணி நேரம் பேசறதுக்கு உட்காரக் கூடாதா?"

"உட்கார்ந்தா மீட்டிங் முடியாது மேடம்."

"முடியாட்டி போவுது" என்றாள் பக்கத்தில் இருந்த சுலோச்சனா, காலை நன்றாக நீட்டிக்கொண்டு.

முடியவில்லைதான். முழங்கால் வலிக்குப் புத்தூர்க் கட்டு கேட்குமா கேட்காதா என்று தொடங்கிய பேச்சு முக்கால் மணி நேரம் ஓடியது. வாசலில் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றி வந்த டிராக்டர்கள் மெயின் ரோடு வரை நின்று ஹாரன் அடித்தன.

அம்சவேணிக்கு இந்த ஆலையில் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். உட்கார்ந்து வெட்ட ஆளுக்கொரு ஸ்டூல். ஆறு சீசனாகக் கேட்கிறாள். சுலோச்சனாவின் கெண்டைக்காலில் நரம்பு சுருண்டு நீலமாகப் புடைத்திருந்தது. போன சீசனில் கையில் கத்தியோடு மேசைமேல் மயங்கி விழுந்தாள். அன்றைக்கும் அம்சவேணி போய்க் கேட்டாள். மேனேஜர் முரளிதரன் தன் சுழல் நாற்காலியில் அரை வட்டம் போட்டபடி, "உட்கார்ந்தா கை ஓடாதும்மா" என்றார். அதைக் கேட்டு அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் அணையவில்லை.

மறுநாள் ஹேமநாத் முறையை மாற்றினான்.

"இனிமே பேச வேணாம். எழுதினா போதும். உங்க வேலைக்கு எது தடையா இருக்கோ, அதைச் சிவப்புச் சீட்டுல எழுதி இந்த போர்டுல ஒட்டுங்க. நாங்க நீக்கிடுவோம்."

"எந்தத் தடையா இருந்தாலுமா?" என்றாள் அம்சவேணி.

"எதுவா இருந்தாலும் மேடம்."

பாவம், அனுபவம் இல்லாத பிள்ளை. பத்தே நிமிடத்தில் முப்பத்தெட்டுச் சிவப்புச் சீட்டுகள் போர்டில் ஏறின. தமிழில் பாதி, தெலுங்கில் பாதி. எழுதத் தெரியாத ஒருத்தி படமாகவே வரைந்திருந்தாள். எல்லாம் ஸ்டூல்.

ஹேமநாத் வழக்கம்போல போர்டைப் படம் எடுத்து ஆப்பில் ஏற்றினான். பெங்களூரில் ஒரு பெரிய திரை சிவந்துபோனது. உடனே போன் வந்தது. அவன் மூலைக்குப் போய் "எஸ் சார், எஸ் சார்" என்று பேசிவிட்டு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினான்.

"மேடம், ஒரே விஷயத்தை எதுக்கு முப்பத்தெட்டு சீட்டா போட்டீங்க? ஒண்ணா சேர்த்துடுங்க, ப்ளீஸ்."

"வலிக்கிற காலு ஒண்ணா தம்பி? எழுபத்தாறு காலு."

"மேடம், என் வேலைக்கே ஆபத்து."

அவன் முகத்தைப் பார்த்தால் சாப்பிட்டு இரண்டு நாள் ஆனவன்போல இருந்தது. அம்சவேணி இரக்கப்பட்டு ஒரே சீட்டாக்கச் சம்மதித்தாள். ஆனால் ஒரே சீட்டு என்றதும் ஆப் விவரம் கேட்டது. எத்தனை பேருக்குத் தடை? முப்பத்தெட்டு. தினம் எத்தனை மணி நேரம்? எட்டு. உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஆப் இரண்டையும் பெருக்கி, சித்தூரில் தினமும் முந்நூற்று நாலு மணி நேரம் வேலை முடங்கிக் கிடப்பதாக அறிவித்தது. ஆலையில் தீப்பிடித்துவிட்டதா என்று பெங்களூரிலிருந்து முரளிதரனுக்கே போன் போட்டுக் கேட்டார்கள்.

முரளிதரன் வெட்டு மேசைக்கே வந்துவிட்டார். அவர் அங்கே வந்து இரண்டு வருஷம் இருக்கும்.

"ஏமம்மா அம்சவேணி, இன்னா இது கலாட்டா? வெள்ளிக்கிழமை பெங்களூர்லருந்து வீடியோல பாக்கறாங்க. அதுக்குள்ள அந்தச் சீட்டு போர்டுல இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா திங்கக்கிழமையிலருந்து நீ பிச்சாட்டூர் மாங்கா யார்டுல காய் எண்ணிக்கினு இருப்பே."

பிச்சாட்டூர் என்றால் மூன்று பஸ். வீட்டுக்குப் போய்ச் சேர இருட்டிவிடும். அம்சவேணிக்குப் பயமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். ஆனால் எதிரே சுலோச்சனா வலது காலில் இருந்து இடது காலுக்கு மாறி நின்றாள்.

"தடை போனா சீட்டும் போவும் சார். சீட்டு மட்டும் தனியா போவாது."

வரிசை முழுவதும் கத்திகள் ஒரு கணம் நின்று, மறுபடி ஓடின. முரளிதரன் வந்த வழியே திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை. போர்டில் சிவப்புச் சீட்டு அப்படியே இருந்தது. எதற்கும் இருக்கட்டும் என்று அம்சவேணி அதன்மேல் பசை வேறு தடவி ஒட்டியிருந்தாள். சுவரில் மாட்டிய டிவியில் பெங்களூர்த் துணைத் தலைவர் வெங்கடரமணன் தெரிந்தார். தோல் நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

"ஒண்ணு எனக்குப் புரியல" என்றார் அவர். "தடை தடைன்னு சீட்டு இருக்கு. ஆனா இந்த வாரம் நம்ம ஆலைங்கள்லயே உங்க லைன்தான் ஃபர்ஸ்ட். எப்படி?"

"டீம் ஸ்பிரிட் சார்" என்று முரளிதரன் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்" என்று அம்சவேணி முன்னால் வந்தாள். "எட்டு மணி நேரம் நின்னுக்கினே வெட்டறோம். ஒருத்தரும் உட்கார்றதில்ல. துன்றதுக்கு விடற அரை மணி நேரந்தான் உட்கார்றது. அப்படித்தான் சார் ஃபர்ஸ்ட்டு வந்தோம். உங்க ஆபீஸ்ல ஒரு நாள், ஒரே ஒரு நாள், எல்லாரும் நின்னுக்கினே வேல செஞ்சு பாருங்க. அப்போ தெரியும்!"

முரளிதரன் கண்ணை மூடிக்கொண்டார். ஹேமநாத் டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான்.

வெங்கடரமணன் மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தார். தலையை ஆட்டினார். பேனாவை எடுத்து எதையோ எழுதினார்.

"ரொம்ப முக்கியமான பாயின்ட்மா. உடனே ஆக்‌ஷன் எடுக்கறேன்."

திரை அணைந்தது. என்ன ஆக்‌ஷன், யார்மேல் ஆக்‌ஷன் என்று யாருக்கும் விளங்கவில்லை. ஞாயிறு முழுக்க அம்சவேணி பிச்சாட்டூர் பஸ் நேரங்களை விசாரித்தபடி இருந்தாள். திங்கட்கிழமை மாற்றல் உத்தரவு வரவில்லை. செவ்வாயும் வரவில்லை.

வியாழக்கிழமை காலை, டிராக்டர் வரிசையைத் தாண்டிக்கொண்டு ஒரு லாரி உள்ளே வந்தது. தார்ப்பாயை அவிழ்த்ததும் பெண்கள் வெட்டுவதை விட்டுவிட்டு ஓடினார்கள். ஸ்டூல் இல்லை. நாற்காலிகள்! சக்கரம் வைத்து, முதுகுக்கு வலை போட்டு, பக்கத்துப் பிடியை இழுத்தால் வெட்டு மேசை உயரத்துக்கு எழும்பும் நாற்காலிகள். முப்பத்தெட்டுக்கு மேலேயே இருந்தன.

"நான் ஆர்டர் போடலியே" என்று முரளிதரன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை.

"ஜெயிச்சிட்டோம்க்கா!" என்று சுலோச்சனா ஒன்றில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றினாள். சிரித்துக்கொண்டே அழுதாள். அதன் முதுகில் யாருடைய ஸ்வெட்டரோ தொங்கியது. அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு மறுபடி சுற்றினாள்.

அம்சவேணி போர்டிலிருந்து சிவப்புச் சீட்டைச் சுரண்டி எடுத்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் நேரம் ஆயிற்று. பிறகு வந்து, முரளிதரனுக்கு நேர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஆறு சீசன் கேட்டது. உடம்பே லேசாகிவிட்டது. மேனேஜர் போடுவாரே, அதேபோல ஒரு அரை வட்டம் போட்டாள்.

லாரி டிரைவர் கிருஷ்ணப்பா கையெழுத்துக்குச் சரக்குச் சீட்டை நீட்டினார்.

"எங்க சொல்ல வேண்டியதை எங்க சொல்லணுமோ அங்க சொன்னேன், பாத்தியா?" என்றாள் அம்சவேணி அவரிடம். "பெரிய மனுசன், உடனே புரிஞ்சிக்கினாரு. எந்தக் கடையிலண்ணா வாங்கனாரு?"

"வாங்கறதாவது? எல்லாம் பெங்களூரு ஆபீஸ்ல இருந்ததும்மா" என்றார் கிருஷ்ணப்பா. "சித்தூர்ல நின்னுக்கினே வேல செஞ்சுதான் ஃபர்ஸ்ட்டு வந்தாங்களாம்னு, மூணு நாளா அங்க ஒருத்தரையும் உட்கார வுடல!"