ஒசாகா பையனுக்கு அளவு கொடுத்த கதை

அன்று அந்தக் கடைக்குள் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி ஹருயோ, பக்கத்து வீட்டு குவாபாரா அம்மா, கடைப் பெண், பிறகு கண்ணாடி ஓரமாக நின்ற தலையில்லாத துணி பொம்மை. பொம்மையை ஏன் சேர்த்தாய் என்று கேட்பீர்கள். அன்று நானும் அதுவும் ஒரே வேலையைத்தான் பார்த்தோம். சம்பளம் இருவருக்குமே கிடையாது.

நான் சுருகா துறைமுகத்தில் முப்பத்தொன்பது வருடம் சரக்குப் பெட்டி எண்ணியவன். படிப்பு கொஞ்சம்தான். எண்ணிக்கை மட்டும் தப்பாது. வயது எழுபத்தொன்று. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குக் கழுத்து வரை வியர்க்கும். அதனால் சாம்பல் நிறம் தவிர வேறு நிறத்தை உடம்பில் போட்டதில்லை. மேகம் போட்ட நாளில் நான் தெருவில் போனால், செருப்பு மட்டும்தான் நடந்து போவது தெரிகிறது என்பாள் ஹருயோ.

எங்கள் குடியிருப்புக் குழுவில் எங்களைத் தவிர பதிமூன்று வீடுகள். வெளியூர் போனவர் பதிமூன்று வீட்டுக்கும் பரிசுப் பொட்டலம் கொண்டுவருவது வழக்கம். போன தடவை கியோத்தோவில் பொட்டலம் வாங்க ஆறு மணி நேரம் ஆனது. கோயிலுக்குள் நான் இருந்தது பதினோரு நிமிடம். அதுவும் கழிப்பறை தேடிப் போன இடத்தில்.

எனவே இந்தத் தடவை கியோத்தோவுக்குப் பேருந்து கிளம்பியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஹருயோ, இதுதான் கடைசி. இனிமே பொட்டலம் வாங்க நான் பஸ் ஏற மாட்டேன்."

"சரிங்க."

"இன்னிக்கு ரெண்டு விதி. ஒண்ணு, பொருள் பதிமூணுதான். பதினாலாவது கூடைக்குள்ள விழுந்தா நானே எடுத்து வெளிய வைப்பேன். ரெண்டு, எனக்குன்னு நீ ஒரு நூல்கூட வாங்கக் கூடாது. போன தடவை வாங்கினியே, கொக்கு பறக்கிற சட்டை, அது இன்னும் பெட்டியிலதான் பறக்குது."

"சத்தியமா உங்களுக்கு நான் ஒண்ணும் வாங்கல. போதுமா?"

போதும் என்றேன். நாற்பத்துநாலு வருடத்தில் அவள் இரண்டாவது பேச்சிலேயே ஒப்புக்கொண்டது அதுவே முதல் முறை. அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். வெற்றி மயக்கம் கண்ணை மறைத்தது.

முன் இருக்கையிலிருந்து குவாபாரா அம்மா திரும்பினார். "தமாகி அண்ணே கட் அண்ட் ரைட்டா பேசறாரே!"

"நீங்களும் கூட வர்றீங்க. அதனால உங்க வீட்டுக்குப் பொட்டலம் வேண்டாம். அப்ப பன்னெண்டு போதும்" என்றேன்.

"அவங்க வீட்டுக்காரர் வரலையேங்க" என்றாள் ஹருயோ.

பதிமூன்றாகவே வைத்துக்கொண்டேன்.

கடை ஒரு பழைய மரவீடு. வெளியே கறுத்த மரச் சட்டங்கள், உள்ளே வெள்ளைச் சுவர், வெள்ளை விளக்கு. பாட்டி பெட்டியிலிருந்து எடுத்த கிமோனோப் பட்டுத் துணியையெல்லாம் வெட்டி, பேத்தி போடுகிற மாதிரி தைத்து வைத்திருந்தார்கள். இடுப்புப் பட்டைச் சரிகையில் ஓட்டக்காரர் காலணி. மூட்டை கட்டும் துணிக்குத் தோல் பிடி வைத்துக் கைப்பை. கட்டை விரல் தனியாகப் பிரிந்த காலுறையில் திமிங்கிலம்.

ஹருயோ நேராகப் பருத்திக் கைத்துண்டு அடுக்குக்குப் போனாள். பதிமூன்று எடுத்தாள். ஒவ்வொன்றும் வேறு வேறு கோலம். நான் எண்ணினேன். பிரித்து மறுபடி எண்ணினேன். பதிமூன்று. கடிகாரம் பார்த்தேன். இருபத்திரண்டு நிமிடம். ஆற்றங்கரையில் உட்கார்ந்து, கொண்டு வந்த கானாங்கெளுத்தி மீன் சோற்றைச் சாப்பிடலாம் என்று பையைத் தோளில் போட்டேன்.

"அண்ணே, ஒரு நிமிஷம்" என்றார் குவாபாரா அம்மா. "ஒசாகால என் தங்கச்சி பையன் இருக்கான். அவனுக்கு ஒரு மேல்சட்டை பாக்கணும். அளவு தெரியல. ஆனா அச்சு அசல் உங்க உடம்புவாகு."

"என்னை மாதிரியா? பாவம்" என்றேன்.

"கொஞ்சம் போட்டுக் காட்டுங்களேன்."

எனக்குக் கழுத்து வியர்த்தது. ஆனால் அடுத்தவருக்கு உதவி என்றால் மறுப்பது முறையில்லை. பையை இறக்கினேன்.

முதலில் ஒரு பழுப்பு நிறச் சட்டை தந்தார்கள். போட்டேன். கண்ணாடியில் பார்த்தேன்.

"பையனுக்கு வயசு என்ன?"

"நாப்பதுண்ணே."

"நாப்பது வயசுக்காரன் எதுக்கு மண்ணு மாதிரி நிக்கணும்? வேற எடும்மா."

ஹருயோ கைத்துண்டுப் பொட்டலத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

கடைப் பெண் கறுப்பு மேல்சட்டை ஒன்றைக் கொண்டுவந்தாள். வெளியே வெறும் கறுப்பு. பழைய நாளில் ஆண்கள் கிமோனோ மேல் போட்ட அங்கியின் அமைப்புதான். முன்னால் மட்டும் ஜிப் வைத்திருந்தார்கள். அந்த அங்கிகளில் பகட்டெல்லாம் உள்துணியில்தான் இருக்கும். போட்டவனுக்கும் அவன் பெண்டாட்டிக்கும் மட்டுமே தெரியும். இதன் உள்துணியைப் பிரித்துப் பார்த்தேன். சிவப்பு ஆக்டோபஸ். அலைமேல் ஏறி நிலாவைப் பிடிக்கப் பார்க்கிறது.

எண்ணினேன். "ஏழு கைதான் இருக்கு. எட்டாவது எங்கம்மா?"

"அக்குள்ல இருக்கு ஐயா."

தூக்கிப் பார்த்தேன். இருந்தது. நேர்மையான கடை.

"இதைத் திருப்பியும் போட்டுக்கலாம் ஐயா. ஆக்டோபஸ் வெளிய வர்ற மாதிரி."

திருப்பிப் போட்டேன். கண்ணாடியில் ஒரு ஆள் நின்றான். பத்து வயது குறைந்தவன். முதுகைத் திருப்பினேன். நிலாவை ஆக்டோபஸ் எட்டிவிடும் போலிருந்தது. நான் கொஞ்சம் நிமிர்ந்தேன், அதற்கு உதவியாக.

"ஐயோ, ரொம்பப் பளிச்சுனு இருக்கே. அவன் கூச்சப்படுவானே" என்றார் குவாபாரா அம்மா.

"என்னம்மா கூச்சம்? ஆம்பிளைப் பையன்! நல்லா இருக்கறதை எதுக்கு உள்ள மறைக்கணும்? வெளியதான் போடணும்னு நான் சொன்னதா சொல்லுங்க."

"நீங்க சொன்னதாவே சொல்லிடறேண்ணே."

"கை மட்டும் ரெண்டு விரல் நீளம். குறைக்கணும்."

"அரை மணி நேரத்துல தைச்சுத் தந்துடுவோம்" என்றாள் கடைப் பெண். "ஆனா தைச்சு மாத்தினா திருப்பி எடுக்க மாட்டோம், ஐயா."

"திருப்பிக் குடுக்க அவனுக்கென்ன பைத்தியமா? தைம்மா!"

அதோடு விட்டேனா? இல்லை. இந்தச் சட்டைக்குக் கீழே சாதாரண செருப்பு எடுபடாது என்று நானே சொன்னேன். சரிகைக் காலணியில் நான்கு ஜோடி போட்டு நடந்தேன். மூன்றாவது ஜோடி கடித்தது. நான்காவது பிரமாதம். திமிங்கிலக் காலுறையையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். குவாபாரா அம்மா வேண்டாம் வேண்டாம் என்றார். பையன் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது என்று கண்டித்தேன்.

ஹருயோ கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்களுக்கே ஒண்ணு எடுத்துக்கலாமா?"

"விதி ரெண்டு!" என்றேன்.

"மறந்துட்டேங்க" என்றாள்.

திரும்பும்போது பேருந்தில் நன்றாகத் தூங்கினேன். ஜெயித்தவனின் தூக்கம். ஊர் வந்ததும் இருட்டுவதற்குள் பதிமூன்று வீட்டுக்கும் நானே நடந்து பதிமூன்று கைத்துண்டுகளையும் கொடுத்து முடித்தேன். வேலை என்றால் அப்படி முடிக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு குழுக் கூட்டம். ஆறு வருடமாக நான்தான் தலைவர். பெரிய பதவி ஒன்றுமில்லை. காலையில் குப்பைப் பைகளைக் காக்கை கிளறாமல் மேலே வலை போட வேண்டும். வண்டி போனதும் மடித்து வைக்க வேண்டும். எரியும் குப்பை நாளில் எரியாத குப்பை போட்டவர் யார் என்று தெரிந்தும் தெரியாதது போல் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை தலைவருக்கு நன்றிப் பரிசு தருவது வழக்கம். முதல் தடவை தந்தபோது வேண்டாம் என்று ஓடினேன். இரண்டாம் தடவை தருவதற்கு முன்பே ஓடினேன். இந்த ஞாயிறு பதவியை ஒப்படைக்கிறேன். வலை அறைச் சாவியைப் புதுத் தலைவர் கையில் வைத்ததும் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

கதவில் குவாபாரா அம்மாவின் வீட்டுக்காரர் நின்றார். மீன் சந்தையில் இருந்தவர். அவர் நின்றால் கதவே தெரியாது.

"எங்க அண்ணே அவசரம்?"

"அடுப்புல தண்ணி..."

"அடுப்பை அணைச்சாச்சுங்க" என்றாள் ஹருயோ, மூன்றாவது வரிசையிலிருந்து.

குவாபாரா அம்மா இரண்டு கையாலும் ஒரு பொட்டலத்தை நீட்டிக் குனிந்தார். "பதிமூணு வீடும் சேர்ந்து குடுக்கறோம் அண்ணே." பதிமூன்று வீடும் குனிந்தது. கதவில் நின்றவரைச் சேர்க்காமலே இருபத்தாறு கண்கள் தரையைப் பார்க்கும்போது ஓட முடியாது. வாங்கிப் பிரித்தேன்.

ஆக்டோபஸ்.

"இது ஒசாகா பையனோடது" என்றேன்.

"எந்தப் பையன்?"

"உங்க தங்கச்சி பையன்!"

"எனக்குத் தங்கச்சியே கிடையாதுண்ணே. ரெண்டும் அண்ணன்."

பதிமூன்று வீட்டுக் குப்பையை ஆறு வருடம் எண்ணியவன் நான். கூடப் பிறந்தவர்களை எண்ண மறந்துவிட்டேன்.

"ஹருயோ! விதி ரெண்டு!"

"நான் ஒரு நூல்கூட வாங்கலையே. வாங்கினது பதிமூணு வீடு. தேர்ந்தெடுத்தது நீங்க. அளவு குடுத்தது நீங்க. தைக்கச் சொன்னதும் நீங்க."

"நல்லா இருக்கறதை எதுக்கு உள்ள மறைக்கணும்னு பையன்கிட்ட சொல்லச் சொன்னீங்க" என்றார் குவாபாரா அம்மா. "சொல்லிட்டேன்."

கொடுத்தவர் எதிரிலேயே போட்டுக் காட்டாமல் இருக்க முடியுமா? போட்டேன். கறுப்புப் பக்கம் வெளியே வரும்படிதான் போடப் பார்த்தேன். பதிமூன்று வீடும் ஒரே குரலில் "திருப்பி!" என்றது. திருப்பினேன். காலணி. காலுறை. எல்லாம் கச்சிதம். எப்படி இல்லாமல் இருக்கும்?

கை தட்டினார்கள். கழுத்து வியர்த்தது. ஆனால் ஓடத் தோன்றவில்லை. கதவை அடைத்து நின்ற மனிதர், "ஆறு வருஷமா தினம் காலையில வலை தானா விரியுதுன்னு நினைச்சேன். ஒரு ஆள் இருந்திருக்காரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் கடைசியாக நிறுத்தினேன்.

வீட்டுக்குச் சுற்று வழியாக நடந்தேன். வழக்கமாக ஆளில்லாத சந்தில் போவேன். அன்று கடைத்தெரு. காற்று வாங்கத்தான் என்றேன் ஹருயோவிடம். "ஆமாங்க, இங்கதான் காத்து" என்றாள்.

தேநீர் ஊற்றும்போது அவள் மெதுவாகச் சொன்னாள். "பதிமூணு வீடு குடுத்திருக்கு. பதில் பரிசு செய்யணும்."

எனக்கு உடனே மூளை வேலை செய்தது. "ரயிலடிக் கடையில பிஸ்கட் டப்பா பதிமூணு. பத்து நிமிஷம்."

"கியோத்தோப் பட்டுக்குப் பதில் பிஸ்கட்டா? நாளைக்கு இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு அவங்க முகத்துல எப்படி முழிப்பீங்க?"

இந்தச் சட்டையில் எப்படி முழித்தாலும் தெரியும். அதுதான் சிக்கல்.

"தபால்ல வரவழைச்சா?"

"தொட்டுப் பாக்காம துணி வாங்கலாமா? கண்ணாடி முன்னால நாலு ஜோடி போட்டு நடந்தவர் சொல்றாரு!"

"கடைசின்னு சொன்னேனே ஹருயோ. இனி பஸ் ஏற மாட்டேன்னு சொன்னேனே."

"சொன்னீங்க. அதான் போன வாரம் திரும்பி வரும்போது நீங்க தூங்கினப்பவே டிரைவர்கிட்ட சொல்லி அடுத்த கியோத்தோ பஸ்ஸுல ஜன்னலோரமா ரெண்டு சீட்டு போட்டு வெச்சுட்டேன். முழிச்சிருந்தா விட்டிருக்க மாட்டீங்க."

எழுந்து போய், நாட்காட்டியில் அவள் வட்டம் போட்டிருந்த தேதி வரை எண்ணினேன். பேருந்து கிளம்ப இன்னும் மீதி இருப்பது ஒன்பது நாள்.