எல்லைக் கம்பத்தோடு என்னையும் ஏற்றிப் போனது பற்றி

மேன்மை தங்கிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. நான் நலம். நாடும் நலம், போன மாதத்தைவிட நாற்பது மைல் கூடுதலாகவே நலம்.

நம் படை முன்னேறிய உத்தரவைத் தலைநகரில் தாங்கள்தான் தட்டச்சு செய்தீர்களாம். பெருமைதான். ஆனால் எல்லை நகர்ந்தால் சாவடிக் கம்பமும் நகர வேண்டும், கம்பம் நகர்ந்தால் அதைத் தூக்கி இறக்குகிற நானும் நகர வேண்டும் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை, பிறகுதான் லாரி வந்தது. லாரிப் பட்டியலில் 'கம்பம் ஒன்று, நாற்காலி ஒன்று, காவலர் ஒன்று' என்று போட்டிருந்தார்கள். எண்ணி இறக்கிவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

லாபம் இல்லாமல் இல்லை. மூன்று மலை கிடைத்திருக்கிறது, மூன்றும் மொட்டை. புது வரைபடம் சாவடிச் சுவரில் அடங்காமல் ஜன்னலையும் மூடிக்கொண்டதில் காற்று வருவதில்லை. புதுக் குடிமக்கள் தினமும் வந்து, "அண்ணே, இன்னைக்கு நாங்க எந்த நாடு?" என்று கேட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போகிறார்கள்.

என் வயிற்றெரிச்சல் வேறு. என் மகளை வெளிநாட்டில் கட்டிக்கொடுத்திருந்தேன் அல்லவா, அந்த வெளிநாடு பழைய கம்பத்திலிருந்து இருநூறு அடி. தினமும் மதியம் தூக்குவாளியோடு கம்பத்துக்கு அடியில் குனிந்து வந்து, "சூடா இருக்குப்பா, முதல்ல சாப்பிடுங்க" என்பாள். இது எட்டாம் மாதம், குனியச் சிரமப்படுகிறாளே என்று கம்பத்தை அரை அடி உயர்த்தி வைத்தேன். இங்கே அந்த இடைவெளியில் ஆடுகள் போய் வருகின்றன. அவள் நம் நாட்டுக்காரி ஆகிவிட்டாள், நான் நாற்பது மைல் தள்ளி. மூன்று முறை விடுப்பு கேட்டேன், எல்லையைக் காலியாக விடக்கூடாதாம். பிடித்ததைத் திருப்பிக் கொடுக்கும்படி மேலிடத்தில் சொல்லிப் பாருங்கள், மச்சான்.

அக்காவுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
கம்பமும் நாற்காலியும் உடன் நிற்க,
தங்கள் மைத்துனன்.

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப் போடுங்கள். உறையை ஒட்டுவதற்குள் சமாதானம் ஆகிவிட்டது. பிடித்ததைத் திருப்பிக் கொடுத்தாயிற்று, லாரியில் பாடிக்கொண்டே ஊர் திரும்பினேன். வந்து பார்த்தால், கொடுத்தது கொடுத்தோம் என்று என் வீடிருக்கும் தெருவையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். என் வாசலுக்கு எதிரே கம்பம். நான் இந்தப் பக்கம், வீடு அந்தப் பக்கம். அனுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் தாண்டக்கூடாது, தாண்டினால் பிடிக்க வேண்டியவனும் நான்தான். மகள் ஒரு கம்பமும் தாண்டாமல் பிரசவத்துக்குத் தாய்வீடு வந்துவிட்டாள். "இங்க எல்லாரும் சௌக்கியம், நீங்க மட்டும்தான் வெளிநாடு" என்கிறாள் தங்கள் தங்கை, ஜன்னலிலிருந்து. படையை இன்னும் ஒரே ஒரு முறை அனுப்பச் சொல்லுங்கள், மச்சான். இருபது அடி போதும். லாரி வேண்டாம், கம்பத்தை நானே தூக்கிக்கொண்டு போகிறேன்.