கொண்டலாத்தி சொன்ன விலை

"சாக்குக்குள்ள இருக்கிற கோதுமைக்கு, வெளியில மழை பெய்யலேன்னு யாருப்பா சொன்னது?"

பூஅஸ்ஸாவின் மகள் மில்லூதா ஏழு வயதில் கேட்ட கேள்வி இது. மழை தள்ளிப்போன ஒரு வருஷம், வியாழச்சந்தையில் வைத்துக் கேட்டாள். காலையில் ஒரு விலைக்குப் போன கோதுமை உச்சிப்பொழுதுக்குள் ஒன்றரை மடங்கு ஏறியிருந்தது. அதே கோதுமை. அதே சாக்கு. கோடையிலேயே அறுத்துக் கட்டியது. அதற்கும் இன்றைய வானத்துக்கும் என்ன உறவு?

பூஅஸ்ஸா அந்தச் சந்தையில் தானியம் அளப்பவர். அவருடைய மரக்காலில் ஏறி இறங்காமல் ஒரு மணி கோதுமைகூட அங்கே கைமாறாது. பதில் தெரிந்திருக்க வேண்டிய ஆள்தான். தெரியவில்லை. ஆகவே பெரியவர்கள் இந்த மாதிரி நேரத்தில் எதைச் செய்வார்களோ அதைச் செய்தார்: சிரித்தார். தேநீர்க் கூடாரத்தில் போய் வேடிக்கையாகச் சொன்னார். அங்கேயும் எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி அப்படியே கிடந்தது.

ஐந்து வருஷம் கழித்து அது கொண்டலாத்தி உருவத்தில் திரும்பி வந்தது.

கூட்டமென்றால் கூட்டம்! துக்காலாச் சமவெளியில் இருந்த கழுதை அத்தனையும் அன்று சந்தைக்கு வந்துவிட்டது. கழுதைகளை ஓட்டிவந்தவர்களைப் பற்றி வேறு தனியாகச் சொல்ல வேண்டுமா? பச்சைத் துணிக் கூடாரம். உள்ளே குறிசொல்லும் ஸீதி கத்தூர்; ஸீதி என்றால் ஐயா, சுருக்கமாக ஸி. அவர் முழங்காலில் ஒரு கொண்டலாத்தி. சுலைமான் நபிக்குத் தூது போன பறவையின் நேர் வாரிசாம் அது. எத்தனையாவது தலைமுறை என்று யாரும் கேட்கவில்லை. கேட்பது மரியாதை இல்லை அல்லவா?

முறை எளிது. நீல அட்டை சுற்றிய சர்க்கரைக் கூம்பு ஒன்றைக் காணிக்கையாக வைக்க வேண்டும். பறவைக்கு முன்னால் இரண்டு கிண்ணங்கள். ஒன்றில் கோதுமை, ஒன்றில் களிமண் தூள். கோதுமையைக் கொத்தினால் உன் தானியக் குழியைத் திற. மண்ணைக் கொத்தினால் மூடியே வை.

குழியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் சமவெளியில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் ஒரு குழி உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் தோண்டி, வைக்கோல் பரப்பி, கோதுமையைக் கொட்டி, வாயைக் களிமண்ணால் அடைத்துவிடுவார்கள். மூன்று வருஷமானாலும் கெடாது. ஆனால் ஒருமுறை வாய் திறந்தால் கதை முடிந்தது. காற்று பட்டதும் வண்டு வந்துவிடும். மறுபடி அடைத்தாலும் பூஞ்சைதான். திறந்தவன் சீக்கிரம் தின்ன வேண்டும். இல்லையென்றால் விற்க வேண்டும்.

"இந்த வருஷம் வெள்ளம்! குழிக்குள்ள தண்ணி எறங்கும். கோதுமை கஞ்சியாயிடும்" என்றார் கத்தூர், கண்ணை மூடிக்கொண்டு.

"எப்ப ஸீதி?"

"பறவையக் கேளு. நான் யாரு? வெறும் கை."

அந்த வெறும் கைக்கு முன்னால் முதல் ஆளாக, ஒரு சர்க்கரைக் கூம்போடு உட்கார்ந்தவர் நம்முடைய பூஅஸ்ஸா. ஐந்து வேளையும் தவறாமல் தொழுகிறவர். மறைவானது இறைவன் ஒருவனுக்கே தெரியும் என்று அன்று விடியற்காலையில்கூட மனமுருகச் சொன்னவர். சொல்லிவிட்டு நேராகப் பறவையிடம் வந்திருந்தார்.

பறவை கோதுமையைக் கொத்தியது. அடுத்தவருக்கும் கோதுமையைத்தான். அதற்கடுத்தவருக்கும். பறவை பொய் சொன்னால் எல்லோருக்கும் ஒரே மாதிரியா சொல்லும் என்று கூட்டம் நெகிழ்ந்துபோனது.

பூஅஸ்ஸா வீட்டுக்கு வந்ததும் மண்வெட்டியைத் தேடினார். அவருக்கு இரண்டு குழிகள். மனைவி ரக்கியா ஒன்றைத் திறக்க விட்டாள். இரண்டாவதின் மேல் ரொட்டி அடுப்பைத் தூக்கி வைத்துத் தீயும் மூட்டிவிட்டாள்.

"அடி, வெள்ளம் வருது!"

"வரட்டும். வந்து மொதல்ல அடுப்ப அணைக்கட்டும். அப்புறம் பாக்கலாம்."

"பறவையே சொல்லியிருக்கு!"

"அந்தப் பறவைய இங்க வந்து ஒரு நாள் மாவு பெசையச் சொல்லுங்க. அப்புறமா அது பேச்சக் கேக்குறேன்."

அறிவு கெட்டவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார் பூஅஸ்ஸா. அன்றைக்கு அந்த வீட்டில் அறிவு கெட்டிருந்தது உண்மைதான். யாருக்கு என்பதில்தான் சின்னக் கணக்குப் பிழை.

அடுத்த வீட்டு ஹத்தா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புருஷன் இறந்து மூன்று வருஷம். இரண்டு பிள்ளைகள். ஒரே குழி. அதில் பாதி சாப்பாட்டுக்கு, பாதி விதைக்கு.

"ஸி பூஅஸ்ஸா, நீங்க தெறக்கிறீங்களா?"

"தெறக்கிறேன் லல்லா ஹத்தா."

"அப்ப நானும் தெறக்கலாமா?"

"ஆமா ஆமா, தெறங்க."

இவ்வளவுதான் பேச்சு. அவர் மண்வெட்டியிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அடுத்த வியாழன் சந்தையில் கோதுமை மலை மலையாகக் குவிந்தது. எல்லோரும் விற்க வந்தால் வாங்குவது யார்? விலை பாதியானது, மதியத்துக்குள் பாதியிலும் பாதியானது. கஸ்வானி என்ற வெளியூர் வியாபாரி ஒருவன் மட்டும் லாரியோடு வந்திருந்தான். அத்தனையையும் அவனே வாங்கினான். "இந்த நெலமையிலயும் வாங்குறானே, நல்ல மனுஷன்" என்று ஊரே அவனுக்காக இறைஞ்சியது. பூஅஸ்ஸா காலையிலிருந்து மாலைவரை குனிந்து குனிந்து அவனுக்கு அளந்துபோட்டார். தோள் வலித்தது. மூளைக்கு ஒரு வலியும் இல்லை. அதற்கு அன்று வேலையே கொடுக்கவில்லை.

வெள்ளம் வரவில்லை. மழையே வரவில்லை. உழவுக்காலம் நெருங்க நெருங்க வானம் துடைத்து வைத்த தட்டுப் போலப் பளபளத்தது. விதைக்குக் கோதுமை இல்லை. விலை மூன்று மடங்கானது. விற்பது யார்? நல்ல மனுஷன் கஸ்வானிதான்.

ஊர் என்ன செய்தது? இனி என்ன செய்யலாம் என்று கேட்க, சர்க்கரைக் கூம்போடு மறுபடி பச்சைக் கூடாரத்துக்கு முன்னால் வரிசையில் நின்றது.

"ஸீதி, வெள்ளம் வரலியே?"

"எப்படி வரும்? நம்பாதவன் ஒருத்தன் உங்க நடுவுல இருந்தா எப்படி வரும்?"

ஒவ்வொருவனும் பக்கத்தில் நின்றவனைச் சந்தேகமாகப் பார்த்தான்.

ஹத்தா ஒரு நாள் காலை பூஅஸ்ஸாவின் முற்றத்துக்கு வந்தாள். சண்டை போட வந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"வித்த காசு கூரைக்கும் ஆட்டுத் தீவனத்துக்கும் போயிடுச்சு ஸி பூஅஸ்ஸா. இப்ப விக்கிற விலைக்கு அரை மூட்டைகூட வராது. விதைக்கலேன்னா நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு, புள்ளைங்களக் கூட்டிக்கிட்டு கசாபிளாங்காவுக்கு வீட்டு வேலைக்குப் போகணும். நான் பறவைய நம்பித் தெறக்கல. உங்களப் பாத்துதான் தெறந்தேன். நாளைக்கி இன்னொரு தரம் பறவையக் கேக்கட்டுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

அவள் போய்விட்டாள். பூஅஸ்ஸா முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். சுவரோரம் சாணக்குவியல். ரக்கியா கோழிகளுக்கு வீசிய கோதுமையில் கொஞ்சம் அங்கே சிந்திக் கிடந்தது. ஒரு கொண்டலாத்தி வந்து இறங்கியது. கோதுமையை மிதித்துக்கொண்டு நடந்தது. நீண்ட அலகைச் சாணத்துக்குள் விட்டது. கொழுத்த புழு ஒன்றை இழுத்து விழுங்கியது. பறந்துபோனது. கோதுமையில் ஒரு மணியைக்கூடத் தொடவில்லை.

ஐம்பது வருஷமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். துக்காலாவில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தெரியும், கொண்டலாத்தி புழு தின்னும் பறவை என்று. தானியம் தின்னாத பறவையிடம் போய் ஊர் முழுக்கத் தானியத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறது.

வியாழனன்று பூஅஸ்ஸா கூடாரத்துக்குள் போனார். தோளில் சல்லடை.

"ஸீதி, சந்தை வழக்கம் உங்களுக்குத் தெரியும். சலிக்காத தானியம் இங்க யார் முன்னாலயும் வரக் கூடாது. உங்க கிண்ணத்துல இருக்கிறதும் தானியம்தானே?"

"தொடாத! சல்லடை பட்டா அதோட பரக்கத், அருளே போயிடும்."

"சல்லடையில தூசிதான் போகும் ஸீதி. பரக்கத் தூசியவிடச் சின்னதா என்ன?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதற்குள் முன்வரிசையில் நின்ற ஹத்தா கிண்ணத்தை எடுத்துச் சல்லடையில் கவிழ்த்துவிட்டாள். பூஅஸ்ஸா இரண்டு சுற்றுச் சுற்றினார். கோதுமை கீழே இறங்கியது. மேலே நின்றவை மூன்று. வெள்ளையாக, கொழுகொழுவென்று நெளிந்தன.

மண் கிண்ணத்தையும் சலித்தார். அதில் ஒன்றும் இல்லை. இரண்டையும் நிரப்பிப் பறவைக்கு முன்னால் வைத்தார்.

"இப்பக் கேளுங்க ஸீதி. கோதுமை வாங்கலாமா, வேணாமா?"

சுலைமான் நபியின் வாரிசு கொண்டையை விரித்தது. கோதுமையைப் பார்த்தது. மண்ணைப் பார்த்தது. இரண்டையும் தாண்டி நடந்து, கத்தூரின் மடியில் ஏறி, அவருடைய சட்டைக் கைக்குள் அலகை விட்டது. ஒரு புழுவோடு வெளியே வந்தது.

"ஸீதி, இது என்ன விலை சொல்லுது?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கூடாரம் குலுங்கியது.

ஹத்தா மட்டும் சிரிக்கவில்லை. "ஸி பூஅஸ்ஸா, எங்க கோதுமைய நீங்கதானே அளந்தீங்க. யாருக்கு அளந்தீங்க?"

"கஸ்வானிக்கு."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"இப்ப விக்கிறது?"

அவர் சந்தை முனையில் நின்ற லாரியின் பக்கம் திரும்பினார். தேநீர்க் கூடாரக்காரன் சொன்னான்: "கஸ்வானி நம்ம ஸீதியோட மச்சான்தானே? வாராவாரம் லாரிக்குப் பின்னால ரெண்டு பேரும் ஒரே சட்டியில ஹரீரா சூப்பு குடிக்கிறாங்க. நான்தான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்."

"ஏண்டா சொல்லல?"

"யாரு கேட்டீங்க? எல்லாரும் பறவையத்தானே கேட்டீங்க!"

சந்தை முனையில் லாரி உறுமியது. கத்தூர் கூடாரத்தின் பின்புறத்தைக் கிழித்துக்கொண்டு ஓடினார். வெள்ளத்தைக் காட்டமுடியாத மனிதர், புழுதியை நன்றாகவே காட்டினார். மிஞ்சியது ஒரு பறவையும் சர்க்கரைக் கூம்புகளும். கோதுமையில் பெரும்பகுதி எப்போதோ கசாபிளாங்கா போயிருந்தது.

"நீங்களும்தானே வரிசையில நின்னீங்க?" என்று ஒருவன் பூஅஸ்ஸாவைப் பிடித்தான்.

"நின்னேன். மொத ஆளா நின்னேன். இந்தச் சல்லடை அன்னைக்கும் என் தோள்லதான் தொங்கிச்சு."

அன்று சாப்பிடும்போது மகளைக் கூப்பிட்டார்.

"மில்லூதா, சின்னதுல ஒரு கேள்வி கேட்டியே. கோதுமைக்கு யாரும் சொல்லலம்மா. அதுக்கு ஒண்ணும் தெரியாது. மழை வருமோன்னு நாங்க பயந்தோம், விலை விழுந்துச்சு. வராதோன்னு பயந்தோம், ஏறிடுச்சு. வானத்துல ஒரு மேகம்கூட அசையல. விலை இருந்தது எங்க வயித்துக்குள்ள."

"அப்ப அந்தப் பயத்த அளக்க யாருகிட்டப்பா மரக்கால் இருக்கு?"

"கத்தூர்கிட்ட இருந்துச்சு. எங்கிட்டதான் இல்ல" என்றார். இந்த முறை சிரிக்கவில்லை.

"குழி மேல இருக்கிற அடுப்ப எறக்கவா?" என்றாள் ரக்கியா. அவ்வளவுதான் கேட்டாள்.

மூன்றாம் வாரம், யாரிடமும் சொல்லாமல் மழை வந்தது. விடிந்ததும் ஊர் முழுக்க ஏர் பூட்டக் கிளம்பியது. ஹத்தா பிள்ளைகளோடு கிணற்றுக்குப் போயிருந்தாள். பூஅஸ்ஸா ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு அவள் வாசலுக்கு வந்தார். விதை வைக்கும் பெரிய மண்ஜாடி காலியாக நின்றது.

மரக்காலில் அளந்து கொட்டினார். முப்பது வருஷமாக ஒரு மரக்காலையும் அவர் தன் கோலால் தலைதட்டிச் சமமாக்காமல் விட்டதில்லை. அன்று கோலைத் தொடவில்லை. கூம்பு கூம்பாக, சிந்தச் சிந்தக் கொட்டினார், ஜாடி நிறையும்வரை.

கிளம்பியவர் திரும்பி வந்தார். இந்த ஊரை அவருக்குத் தெரியும், தன்னையும் தெரியும். ஆள் இல்லாத வீட்டில் ஜாடி தானாக நிறைந்ததென்றால், உச்சிக்குள் அதற்கு ஒரு பச்சைக் கூடாரம் முளைத்துவிடும். முதல் சர்க்கரைக் கூம்போடு தானே போய் நின்றாலும் நிற்பார். உங்களைப் பற்றியும் நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

பறவை கொடுத்தது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. தலைதட்டும் கோலை ஜாடியின் வாயில் குறுக்காக வைத்தார். ஊரில் அந்த மாதிரிக் கோல் ஒன்றுதான்.

பிறகு, ஈர மண்ணில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார்.