எல்லைக்கு வெளியே ஒரு கிணறு

கிணறு பேரரசுக்கு வெளியே போயிருந்தது.

நில அளவைக்காரர் காவியுஸ் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நேற்றுக் காலை அவரே முன்னின்று நட்ட எல்லைக்கல் இதோ நிற்கிறது. கோட்டையின் எண்பது வீரர்களும் பன்னிரண்டு கோவேறு கழுதைகளும் தண்ணீர் குடிக்கிற ஒரே கிணறு, கல்லைத் தாண்டி நாற்பது தப்படி தள்ளி இருக்கிறது. கல்லுக்கு இந்தப் பக்கம் ரோம். அந்தப் பக்கம், ரோமின் கணக்குப்படி, ஒன்றுமில்லை.

கையிலிருந்த மெழுகுப் பலகையைப் பார்த்தார். அதில் அவரே குறித்துவைத்த அளவு, கிணறு உள்ளே என்றது.

"அப்போ பலகைதான் தப்பு" என்று முடிவு கட்டினார் காவியுஸ்.

கல் தப்பாக இருக்க வழியே இல்லை. குழி தோண்டி, நெருப்பிட்டு, தேனும் ஆட்டு ரத்தமும் மதுவும் ஊற்றி, சூடு ஆறுவதற்குள் இறக்கிய கல் அது. அந்தக் கல்லுக்குள் எல்லைச் சாமி டெர்மினுஸ் குடிவந்துவிட்டார். ரோமில் வானத்தரசன் ஜூபிடருக்குக் கோயில் கட்டியபோது மற்ற சாமிகளெல்லாம் நகர்ந்து இடம் கொடுக்க, இவர் மட்டும் அசையமாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டார். கடைசியில் அவரைச் சுற்றித்தான் சுவர் எழுப்பினார்கள். அவர் கல்லை நகர்த்துகிறவன் தலைக்கு உத்தரவாதம் கிடையாது. எவனும் அவனைக் கொல்லலாம்.

இருபத்து நான்கு வருடமாக ரோமின் ஓரங்களை அளந்தவர் காவியுஸ். ரோமை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஆனாலும் ஒவ்வொரு எல்லைக்கல்லைத் தொடும்போதும் அவருக்கு மெய்சிலிர்க்கும். மூன்று மாதத்தில் ஓய்வு. கூடவே துண்டு நிலம். பத்தாம் நாள் ஆளுநரே வந்து இந்தக் கல்லுக்கு மாலை போடப்போகிறார். குடிதண்ணீரை வெளிநாட்டில் விட்டவனுக்கு எந்த ஆளுநர் நிலம் கொடுப்பார்?

நூற்றுவர் தலைவன் சபீடியுஸ் மூச்சு வாங்க ஓடிவந்தான்.

"யோவ் காவியுஸ், என்னய்யா செஞ்சு வெச்சிருக்க?"

"நேத்து சடங்கு முடியுற வரைக்கும் முக்காடு மூக்கு வரைக்கும் இருந்துச்சு தலைவரே. ஒரே புகை வேற. கிணறு எந்தப் பக்கம்னு சரியாப் பாக்கல."

"நானும் பாக்கலய்யா. நான் ஆட்டுக்கறியைப் பாத்துக்கிட்டிருந்தேன்."

கிணற்றடியில் அரிசாத் துவைத்துக்கொண்டிருந்தாள். கிணற்றை வெட்டியது அவள் மாமனார். கோட்டை வந்த நாளிலிருந்து, வீரர்கள் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தண்ணீர் இறைப்பார்கள். கல் நட்டபின் கேட்கத் தேவையில்லை என்றுதான் ஏற்பாடு. பக்கத்தில் அவள் புருஷன் நம்பாமோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அவருக்கு என்னம்மா?" என்றார் காவியுஸ்.

"நேத்து சாயங்காலத்துலேருந்து இடுப்புப் பிடிப்பு. வாயைத் தொறந்து ஏன்னு சொல்லமாட்டேங்குறாரு. ஏன் ஐயா, அந்தக் கல்லை நகத்தவே முடியாதா?"

"ஜூபிடராலேயே முடியலம்மா!"

நம்பாமோ தலையைக் குனிந்துகொண்டான்.

சபீடியுஸ் தாடையைச் சொறிந்தான். "கல்லை நகத்தக்கூடாது. சரி. கிணத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு கல்லு நட்டா?"

"நடலாம் தலைவரே! அதைத் தடுக்க சாஸ்திரமே இல்ல."

நட்டார்கள். கிழக்கே குன்றின்மேல் நின்ற பழைய கல்லிலிருந்து புதுக் கல்லுக்குக் கயிறு பிடித்தார் காவியுஸ். ரோமின் கோடு வளையாது. கயிறு நேராக அரிசாத்தின் வீட்டு வாசலில் நுழைந்து கொல்லைப்புறமாக வெளியே போயிற்று. அடுப்பு பேரரசில் இருந்தது. கட்டிலும் ஆட்டுப்பட்டியும் அந்நிய தேசத்தில் இருந்தன. சட்டப்படி ஒரு காவலாளியை நடுவீட்டில் நிறுத்தவேண்டி வந்தது.

"எங்கேருந்து வர்றே?" என்றான் காவலாளி.

"அடுப்படியிலேருந்து."

"எங்கே போறே?"

"என் புருஷன்கிட்ட."

"என்ன காரணத்துக்கு?"

"அதை நானே இருபது வருஷமா யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

மறுநாள் அரிசாத் ரொட்டித் தட்டோடு கோட்டை வாசலில் வந்து நின்றாள்.

"அளவுக்காரரே, ரொட்டி ரோம்ல வேகுது, அவருக்கு வெளிநாட்டுல பசிக்குது. எல்லை தாண்டுறதுக்குள்ள உங்க ஆளு பாதியைத் தின்னுடுறான். என்ன எழவு இது?"

"பேரரசும்மா" என்றார் காவியுஸ், பயபக்தியோடு.

"பேரரசுன்னா என்னன்னுதான் கேக்குறேன்."

சபீடியுஸ் நெஞ்சை நிமிர்த்தினான். "தளபதி போடுற ஆணை எதுவரைக்கும் செல்லுதோ, அதுவரைக்கும் பேரரசு."

"என் ஆடுங்க யார் ஆணையும் கேக்காதே?"

"அப்போ உன் ஆடுங்க வெளிநாடு."

வீட்டை முழுசாக உள்ளே எடுத்துக்கொள்ள மூன்றாவது கல் நட்டார்கள். அது மேய்ச்சல்காரர்கள் வருடந்தோறும் ஒட்டகம் ஓட்டிவரும் தடத்தின் நடுவே விழுந்தது. ஒட்டகங்கள் சாமியின்மேல் உடம்பைத் தேய்த்தன. சாமிக்குக் காவலாக ஒரு கோபுரம் எழும்பியது. கோபுரத்தில் நிற்கிறவனுக்குத் தாகம் எடுக்கும் அல்லவா? பக்கத்தில் ஒரு கிணறு இருந்தது. அது கல்லுக்கு வெளியே இருந்தது.

அப்புறம் நடந்ததை நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. பேரரசுகள் ஏன் வளர்கின்றன என்று பிற்காலத்துப் படிப்பாளிகள் தடித்தடியாகப் புத்தகம் எழுதினார்கள். பேராசை என்றார் ஒருவர், வாணிபம் என்றார் ஒருவர், பக்கத்து வீட்டுக்காரன்மேல் பயம் என்றார் இன்னொருவர். காவியுஸைக் கேட்டிருந்தால் கிணறு என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பார்.

ஒன்பதாம் நாள் ஏழாவது கல்லை உப்பு ஏரிக் கரையில் இறக்கிவிட்டு அவர் திரும்பிப் பார்த்தார். நான்கு ஊர், மூன்று கோபுரம், ஐந்து கிணறு. பள்ளத்தாக்கு முழுவதும் மாலை வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. ஒரு வாள்கூட உறையை விட்டு வெளியே வரவில்லை. ஒரு கல்லைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டு அதை மறைக்கப்போய் உலகமே பெரிதாகிவிட்டதே என்று பயமும் வியப்புமாக நின்றார். அரைநாள் தூரத்துக்கு எல்லையை நகர்த்தியவனின் கழுத்து இனி எத்தனை நாளைக்கு என்று அதைத் தடவியும் பார்த்துக்கொண்டார்.

ஆளுநர் வந்தார். குதிரையிலிருந்து இறங்காமலேயே கல் வரிசையைப் பார்த்தார்.

"இது யார் வேலை?"

காவியுஸ் மண்டியிட்டார். "நான்தானுங்க. மன்னிக்கணும்."

"எத்தனை படை?"

"ரெண்டு கழுதைங்க. ஒரு கயிறு."

"எதுக்காக?"

"தண்ணிக்காகங்க."

ஆளுநரின் கண் கலங்கிவிட்டது. எழுத்தரைக் கூப்பிட்டார். "எழுதிக்கோ. ரோம் ஒருநாளும் அடுத்தவன் மண்ணுக்கு ஆசைப்பட்டதில்லை. இருக்கிற எல்லையைக் காப்பாத்த மட்டுமே முன்னால போச்சு." பிறகு காவியுஸின் தோளைத் தொட்டுத் தூக்கினார். "இன்னிக்கே உனக்கு ஓய்வு. நிலமும் இங்கேயே. முதல் கிணறும், அதைச் சுத்தி இருக்கிற பார்லி வயலும் உனக்கு."

காவியுஸ் ஆடிப்போனார். அது அரிசாத்தின் வயல். வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தார். ஆளுநருக்கு யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை.

மாலைகள் போட்டாயிற்று, பாட்டும் முடிந்தது. ஆளுநரின் குதிரைகள் கிளப்பிய புழுதி அடங்கியதும் காவியுஸ் குற்றவாளிபோல் கிணற்றடிக்கு வந்தார். அரிசாத் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க, நிலக்கிழாரே. இனிமே எங்க கிணத்துல தண்ணி எடுக்க நாங்க உங்களைக் கேக்கணுமா?"

"அப்படியெல்லாம் சொல்லாதம்மா. வீடு உங்களுது. வயலும் நீங்களே உழுங்க, நான் ஓரமா ஒரு குடிசை போட்டுக்குறேன். நானா எடுத்தேன்? எல்லாம் அந்த முதல் கல்லு செஞ்ச வேலை."

முதல் கல் மாலையோடு நின்றது. அதைப் பார்த்ததும், சங்கடத்தையும் மீறி, காவியுஸுக்கு வழக்கம்போல் மெய்சிலிர்த்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஜூபிடருக்கே அசையாத சாமிம்மா. நான் தப்பா வெச்ச எடத்துலகூட அசையாம நின்னு, ரோமை உப்பு ஏரி வரைக்கும் கொண்டுபோயிருக்கு பாரு!"

பத்து நாளாக வாயைத் திறக்காத நம்பாமோ, இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தான்.

"நீங்க சரியாத்தான் வெச்சீங்க ஐயா. கிணறு உங்க கைக்குப் போகக்கூடாதுன்னு, அன்னிக்கு நீங்க எல்லாரும் விருந்துல இருந்தப்போ நானும் என் கழுதையுமாத்தான் அந்தக் கல்லைக் கோட்டைப் பக்கமாத் தள்ளி வெச்சோம்."