இரண்டு தொட்டி ஆப்பிளும் ஒரு நல்ல பகையும்

ஒரு காட்டில், மலை உச்சிக்குச் சற்றுக் கீழே, மண்ணே இல்லாத ஒரு பெரிய பாறை இருந்தது. அதன் கிழக்குப் பொந்தில் மாராயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தது. மேற்குப் பொந்தில் வீரபுத்திரன் என்ற புனுகுப்பூனை குடியிருந்தது. பன்னிரண்டு வருஷமாகப் பக்கத்து வீடு. பன்னிரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. வீரபுத்திரன் போகும் இடமெல்லாம் புனுகு வாசனை வரும். மாராயி அதை நாற்றம் என்றது. மாராயி நடக்கும் இடமெல்லாம் முள் உதிரும். வீரபுத்திரன் அதைக் கொலை முயற்சி என்றது. இரண்டும் காட்டு அலுவலகத்தில் ஒன்றின் மேல் ஒன்று புகார் மனு கொடுத்திருந்தன. இரண்டு மனுவும் பரிசீலனையில் இருந்தன.

ஒருநாள் சுற்றுலா வந்தவர்கள் பாதி கடித்துப் போட்ட ஆப்பிள் ஒன்று மாராயிக்குக் கிடைத்தது. தின்று முடித்ததும் அதற்கு வேறு எதிலும் மனம் செல்லவில்லை. நமக்கென்று ஒரு ஆப்பிள் மரம் வேண்டும் என்று முடிவு செய்தது. பாறையில் மரம் எப்படி வைப்பது? அப்போதுதான் தொட்டியிலேயே வளரும் குட்டை ஆப்பிள் மரம் இருப்பதாக ஒரு காகம் சொன்னது. ஆள் உயரத்துக்கு மேல் போகாதாம். மாராயி கைபேசியில் ஒரு கன்றுக்குப் பதிவு செய்தது. அதே காகம் நான்காம் நாள் கன்றைக் கொண்டுவந்து, வாசலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போனது.

மாராயி ஒரு நீல டிரம்மைப் பாதியாக அறுத்து, தன் முள்ளாலேயே அடியில் ஏழு துளை போட்டது. மண்ணும் மக்கிய இலையும் கலந்து நிரப்பியது. ஒட்டுக் கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி கன்றை நட்டது. குட்டை மரத்துக்கு வேர்ப்பிடிப்பு குறைவு என்பதால் பக்கத்தில் ஒரு கம்பு ஊன்றிக் கட்டியது.

இதையெல்லாம் மேற்குப் பொந்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த வீரபுத்திரனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த வாரம் அதன் வாசலிலும் ஒரு டிரம் வந்தது. அதிலும் ஒரு ஆப்பிள் கன்று. மாராயியுடையது சிவப்பு ரகம் என்று கேள்விப்பட்டு, வேண்டுமென்றே மஞ்சள் ரகமாகப் பார்த்து வாங்கியிருந்தது.

முதல் வசந்தத்தில் இரண்டும் பூத்தன. மாராயி உதவி எண்ணுக்குப் போன் செய்தது. ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், பிறகு நான்கை அழுத்தச் சொன்னார்கள், கடைசியில் பதிவு செய்த குரல் ஒன்று, முதல் வருஷப் பூவை முழுக்கக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் மரம் தேறாது என்றது. மாராயி ஒவ்வொரு பூவாகக் கிள்ளியது. கிள்ளும்போது அழுதது. அது அழுவதைப் பார்த்த வீரபுத்திரன், இதில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று தானும் கிள்ளியது.

இரண்டாம் வசந்தத்தில் மரம் நிறையப் பூ. ஆனால் ஒரு பிஞ்சு கூடப் பிடிக்கவில்லை. நாற்றத்தால்தான் பூ உதிர்ந்தது என்று மாராயி மூன்று பக்கப் புகார் எழுதியது. அந்த அம்மா பொறாமையில் பில்லிசூனியம் வைத்துவிட்டது என்று வீரபுத்திரன் நான்கு பக்கம் எழுதியது.

காட்டு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தது ஒரு அழுங்கு. உடம்பெல்லாம் செதில். கஷ்டமான கேள்வி ஏதாவது கேட்டால் உடனே பந்தாகச் சுருண்டுகொள்ளும், நாலு மணிக்குத்தான் விரியும். அதனால் அந்த அலுவலகத்தில் எப்போதும் வரிசை நீளமாக இருக்கும். இந்த இரண்டு புகாரையும் படித்துவிட்டு அழுங்கு சுருளவில்லை. ஒரு தேனீயை ஆய்வுக்கு அனுப்பியது.

தேனீ வந்து இரண்டு மரத்தையும் ஒரு சுற்று சுற்றியது. ஆப்பிள் தன் மகரந்தத்தில் தானே காய்க்காது, வேறு ரகத்தின் மகரந்தம் வேண்டும் என்றது. ஒரு தொட்டி கிழக்குக் கோடியில், ஒரு தொட்டி மேற்குக் கோடியில் இருந்தால், நடுவில் பறந்து பறந்து தன் உயிர்தான் போகும் என்றது.

"தொட்டியைப் பக்கத்துல பக்கத்துல வைங்க. நீங்க பேசணும்னு அவசியமில்ல. மரம் பேசிக்கும்."

இரண்டும் பேசாமலே தொட்டியை நகர்த்தின. பாறையின் நடுவில் சுண்ணாம்புக் கோடு போட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. மூன்றாம் வசந்தத்தில் பூத்தன. தேனீக்கள் இங்கிருந்து அங்கே, அங்கிருந்து இங்கே என்று அலைந்தன. ஒரு வாரத்தில் பிஞ்சு பிடித்தது. மாராயி மரத்தில் பதினான்கு, வீரபுத்திரன் மரத்தில் பதினொன்று.

அன்றிலிருந்து இரண்டுக்கும் வேறு வேலை இல்லை. விடிந்ததும் மாராயி தன் தொட்டியருகே வந்து உட்காரும், எதிரி பறித்துவிடக் கூடாதே என்று. வீரபுத்திரனும் வந்து உட்காரும், அதே பயத்தில். மண் காய்ந்ததா என்று மாராயி விரல் விட்டுப் பார்த்தால் வீரபுத்திரனும் பார்க்கும். ஒன்று தண்ணீர் ஊற்றினால் மற்றது அதைவிட ஒழுங்காக ஊற்றும். குரங்குகள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, இந்த முறைப்புக்கு நடுவில் நமக்கென்ன வேலை என்று திரும்பிவிட்டன.

நாள் முழுக்க எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் எவ்வளவு நாள் பேசாமல் இருக்க முடியும்? ஆனி மாதத்தில் ஒருநாள் வீரபுத்திரனுக்குத் தும்மல் வந்தது. மாராயி யோசிக்காமல், "நூறு வயசு" என்றுவிட்டது. சொன்ன பிறகு இரண்டுக்கும் வெட்கமாகப் போயிற்று. மறுநாள் வீரபுத்திரன், மழை வருமா அக்கா என்று கேட்டது. அப்புறம் நிற்கவில்லை. இத்தனை வருஷப் பேச்சை இரண்டு மாதத்தில் பேசி முடித்தன. ஆவணியில் இருபத்தைந்து பழமும் பழுத்தன. இரண்டும் கோட்டை அழித்துவிட்டு, பழங்களை ஒன்றாகக் கொட்டி, ஆளுக்கொரு கடியாகக் கடித்துத் தின்றன. அலுவலகத்துக்கு ஒன்றாகப் போய்ப் புகார்களைத் திரும்பப் பெற்றன. அழுங்குக்குக் கண் கலங்கியது. காடே பாராட்டியது.

கதை இங்கே முடிந்திருந்தால் நல்ல நீதியாக அமைந்திருக்கும். முடியவில்லை.

அந்தக் குளிர்காலம் முழுக்க இரண்டும் ஒட்டிக்கொண்டே திரிந்தன. வெளியே சொல்லாததையெல்லாம் சொல்லிக்கொண்டன. தன் பிள்ளைகள் பக்கத்து மலையில் இருந்தும் வருவதில்லை, வந்தால் உட்கார இடமில்லாமல் குத்துகிறதாம் என்று மாராயி சொன்னது. தன் வாசனை தனக்கே பிடிக்காது, ஓடையில் தினம் மூன்று முறை குளிக்கிறேன், போவதில்லை என்று வீரபுத்திரன் சொன்னது.  

நான்காம் வசந்தத்தில் மரம் கொள்ளாத பிஞ்சு. ஆனால் தொட்டியருகே யாரும் உட்காரவில்லை. தம்பி பார்த்துக்கொள்ளும் என்று மாராயி இருந்தது. அக்கா பார்த்துக்கொள்ளும் என்று வீரபுத்திரன் இருந்தது. கோடை வெயிலில் நாலு நாள் இரண்டு தொட்டிக்கும் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. தொட்டி மண் எவ்வளவு நாள் தாங்கும்? இலை சுருண்டதும் இரண்டும் பதறிப்போய், ஒன்றுக்கொன்று தெரியாமல் இரண்டு தொட்டிக்கும் தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தன. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. துளை அடைத்துக்கொண்டு வேர் நீரில் நின்றது. பிஞ்சுகள் பாதி உதிர்ந்தன. ஒரு கொத்தில் ஒன்றை விட்டு மற்றதைக் கிள்ள வேண்டும் என்று தெரிந்தும், பாவம் இருக்கட்டும் என்று ஒருவர் மரத்தில் ஒருவர் கைவைக்காமல் விட்டதில் ஒரு கிளை பாரத்தில் முறிந்தது. மிஞ்சியது ஆறு காய். இரண்டும் ஒரு முயல் கல்யாணத்துக்குச் சேர்ந்து போன அன்று, அந்த ஆறையும் குரங்குகள் கொண்டுபோயின.

இரண்டும் தொட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தன. யார் மேலும் தப்பு சொல்ல முடியவில்லை. அதுதான் பிரச்சினை என்று வீரபுத்திரனுக்குப் பட்டது.

"அக்கா, நாம சண்டை போட்டுக்கிட்டு இருந்தப்ப காய்ச்சுது. நல்லா இருக்கறப்ப காய்க்கல."

"அதுக்கு?"

"சும்மா பேருக்குப் பகையா இருப்போம். அறுவடை வரைக்கும்."

மாராயிக்கு மனசில்லை. ஆனாலும் பழத்தை நினைத்துப் பார்த்தது. சரி என்றது.

அழுகிய வேரை வெட்டிவிட்டு, புது மண் போட்டு, இரண்டு மரத்தையும் திரும்ப நட்டன. பிறகு பகையை முறைப்படி பதிவு செய்ய அலுவலகத்துக்கு ஒன்றாகப் போயின. வரிசையில் ஒன்று இடம் பிடித்து நிற்க, மற்றது போய்த் தண்ணீர் குடித்து வந்தது. கொண்டுபோன கிழங்கைப் பகிர்ந்து தின்றன. அவர்கள் முறை வந்ததும் அழுங்கு படிவத்தை வாங்கிப் பார்த்தது. 'பகைக்கான காரணம்' என்ற இடம் காலியாக இருந்தது.

பழைய காரணத்தையே போடலாமே என்று மாராயி கேட்டது. திரும்பப் பெற்ற காரணம் செல்லாது என்றது அழுங்கு.

"காரணம் இல்லாம பகைய ஏத்துக்க விதி இல்ல. வெளிய போய் ஒரு காரணத்தோட வாங்க."

"விதி யாரு போட்டது?" என்றது வீரபுத்திரன். அழுங்கு சுருண்டுகொண்டது.

வெளியே வந்து ஒரு மரத்தடியில் நின்றன. காரணம் உண்டாக்க வேண்டுமென்றால் கொஞ்சம் திட்டிப் பார்க்கலாம் என்று முடிவு செய்தன. மாராயி முதலில், நீ சோம்பேறி என்றது. வீரபுத்திரன் சிரித்தது. நீ கஞ்சம் என்றது. மாராயி சிரித்தது. இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. ஒன்றும் ஒட்டவில்லை. அழுங்கு விரிகிற நாலு மணி வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. காரியம் முடிய வேண்டுமே என்ற அவசரத்தில் வீரபுத்திரன் சொன்னது:

"உன் பிள்ளைங்க ஏன் உன்னைத் தேடி வர்றதில்லைன்னு காட்டுக்கே தெரியும்."

மாராயியின் முள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தது. அது நிதானமாகப் பேசியது.

"மூணு வேளை குளிக்கற. எதுக்கு? உன்னால உன்னையே சகிச்சுக்க முடியல. மத்தவங்க எப்படி சகிப்பாங்க?"

வீரபுத்திரன் சிரிக்கவில்லை. நாடகம்தானே அக்கா என்று சொல்ல வாயெடுத்தது. சொல்லவில்லை.  பிறகு இரண்டும் மீண்டும் வரிசையில் போய் நின்றன. நடுவில் பத்து விலங்குகள் நிற்கிற அளவு இடைவெளி விட்டிருந்தன. காரணம் என்ற இடத்தில் இரண்டுமே, 'வெளியில் சொல்ல முடியாது' என்று எழுதின. அழுங்கு உடனே முத்திரை குத்தியது. இவ்வளவு வலுவான காரணத்தை அது இதுவரை பார்த்ததில்லை.

ஐந்தாம் வசந்தத்தில் கோடு போடவில்லை, சுவரே எழுப்பின. தேனீ மட்டும் தாண்டிப் போகிற உயரத்துக்கு. விடியும் முன்பே இரண்டும் தத்தம் தொட்டிக்கு வந்துவிடும். மண்ணை விரல் விட்டுப் பார்ப்பதில் ஒருநாள் தவறவில்லை. கூடுதல் பிஞ்சை ஈவிரக்கமில்லாமல் கிள்ளின. குரங்குகள் அந்தப் பாறைப் பக்கமே வரவில்லை. ஆவணியில் ஆளுக்கு நாற்பது பழம். ஒவ்வொன்றும் கைப்பிடி கொள்ளாத அளவு. வேறு காடுகளிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள்.

கூட்டம் போன பிறகு தேனீ மாராயியிடம் வந்து, பழம் எப்படி என்று கேட்டது.

"இனிப்பாத்தான் இருக்கு," என்றது மாராயி. பாதிப் பழத்தைக் கீழே வைத்துவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தது. கேட்டது. உடனே எழுந்து குடத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்குப் போனது.

நீதி: தொட்டி ஆப்பிள் நன்றாகக் காய்க்க, பக்கத்தில் ஒரு நல்ல எதிரி வேண்டும். நல்ல எதிரி கிடைக்க, முதலில் அவரோடு ஒரு வருஷமாவது மனம் விட்டுப் பழக வேண்டும்.