கடலுக்குள் நான் எழுப்பிய மலை

பொறாமை பொல்லாதது என்று பொதுவாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க நான் தயாரில்லை. என் பொறாமைக்கு ஒரு பெயர் இருந்தது: கணேசன்.

எழுபதுகளின் நடுவில் சிட்னியில் நிலவியல் படித்த தமிழர் நாங்கள் இருவர்தான். நான் யாழ்ப்பாணம், அவன் திருச்சி. அவன் ஒரு பாறையைத் தொட்டால் பேராசிரியர் தலையாட்டுவார். நான் தொட்டால் கடிகாரத்தைப் பார்ப்பார். கோடை விடுமுறையில் அவரோடு ஆய்வுக்குப் போக ஒரே ஓர் இடம் இருந்தது. அது கிடைத்தவருக்கு மேற்படிப்பும் நிச்சயம். கணேசனுக்குத்தான் என்று வகுப்பே பேசிக்கொண்டது. (எனக்கு வயிறு எரிந்தது. மத்தியானம் தின்ற மீட் பை என்னும் இறைச்சிப் பண்டத்தைக் குறைசொல்ல முடியாது.)

சிட்னிக்கு மேற்கே, புளூ மவுண்டன்ஸ் மலை அடிவாரத்தில் கடைசிப் பயிற்சி. மணற்கல்லுக்குள் மெல்லிய அடுக்குகள் எந்தப் பக்கம் சரிந்திருக்கின்றனவோ, அந்தப் பக்கம்தான் பழைய ஆறு ஓடியது. அதை அளந்து, ஆறு எந்த மேட்டிலிருந்து இறங்கியது என்று சொல்லவேண்டும். ஒருவர் அளந்ததை ஜோடி சரிபார்க்கவேண்டும் என்பது விதி. என் ஜோடி கணேசன்.

எல்லோருக்கும் ஆறு வடகிழக்கே ஓடியது. ஒரு யூகலிப்டஸ் மரத்தின் பின்னால், மேசை அளவுப் பாறை ஒன்றில் எனக்கு மட்டும் தென்மேற்கே ஓடியது! அப்படியானால் வடகிழக்கே, இன்று கடல் கிடக்கும் இடத்தில் அன்று ஒரு மலைத்தொடரே இருந்திருக்கவேண்டும். அதைக் கண்டுபிடித்தவன் நான்.

"ஏதாவது கெடைச்சுதா சிவம்?" என்று கணேசன் கேட்டான்.

"ஒண்டும் இல்லை. நீர் அங்காலப் பக்கம் போய்ப் பாரும்."

அவன் போனதும் பாறையை இலை தழைகளால் மூடினேன்.

மாலையில் வகுப்பு முழுவதையும் கூட்டிப்போய்த் தழைகளை விலக்கினேன். பத்து நிமிடம் பேசினேன். என் மலைக்குப் பனிச்சிகரங்கள்கூட வைத்துவிட்டேன். கணேசனின் முகம் வாடியதைப் பார்த்தபோது உண்மையாகவே ஆனந்தமாக இருந்தது. அவன் நான் சொன்ன அளவுகளை எழுதிக்கொள்ள அந்தப் பாறைமேல் உட்கார்ந்தான். சட்டென்று எழுந்து, மற்றவர்களுக்குப் புரியாதபடி தமிழில் கிசுகிசுத்தான்.

"சிவம், இது ஆடுதுங்க."

"சும்மா இரும். பொறாமையிலை கதைக்காதையும்!"

என் சத்தத்தில் பேராசிரியர் திரும்பினார். பாறையைக் காலால் அழுத்தினார். அது ஆடியது. ஒரு கட்டையைக் கொடுத்து நெம்பினார். அடியில் நசுங்கிய பியர் டின் ஒன்று கிடந்தது. மேலேயிருந்த செங்குத்துப் பாறையிலிருந்து சமீபத்தில் பெயர்ந்து விழுந்து, திசை மாறிக் கிடந்த கல் அது.

"உங்கள் ஆற்றங்கரையில் பியரும் விற்றிருக்கிறார்கள் போலிருக்கிறது" என்றார்.

இடம் கணேசனுக்குப் போயிற்று. நான் மெல்பேர்னுக்குப் போய்ப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றேன். வீட்டில் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "அப்பா, முதல்ல அதுக்கு மேல ஒருக்கா குந்தி இருந்து பாருங்கோ" என்கிறாள் மகள்.

ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கணேசன் வந்து, என் மனைவி கண்ணீர்வரச் சிரிக்கும்படி இந்தக் கதையைச் சொல்வான். (நான் சொன்னால் அவள் தேத்தண்ணி போடப் போய்விடுவாள்.) தழை, பனிச்சிகரம், பியர் டின் எல்லாம் வரும். என்னைக் காப்பாற்ற வந்தவனை நான் பொறாமைக்காரன் என்றதை மட்டும் அவன் இன்றுவரை சொன்னதில்லை. அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.