அலுவலர் முன்னிலையில் விழுங்குதல்

மாத்திரை என்பது மக்கள் விழுங்குவதற்காகக் கொடுக்கப்படுவது. ஆனால் மக்கள் அதை வீட்டுக்குக் கொண்டுபோய், தாங்கள் நினைத்த நேரத்தில், தங்கள் இஷ்டத்துக்கு விழுங்குகிறார்கள் என்ற அதிர்ச்சித் தகவல் கடலோரத் தொழிலாளர் முழுநலக் காப்பு மையத்துக்கு எட்டியது. உடனே ஒரு சுற்றறிக்கை பிறந்தது. இனி எல்லா மாத்திரைகளும் காலை பத்து மணிக்கு, மையத்தின் ஜன்னலில், அலுவலர் முன்னிலையில் மட்டுமே விழுங்கப்படும்.

சுற்றறிக்கை பிறந்த அதே ஐப்பசியில்தான் முத்தையாபுரம் பேச்சிச்செல்விக்கு உடம்பு படுத்துவிட்டது. பதினெட்டு வருஷமாக உப்பளத்தில் உப்பு வாரிச் சுமந்தவள். இப்போது தலைச்சுமைப் பெட்டியில் பாதி உப்போடு குவியல் ஏறினாலே மூச்சு வாங்கியது. முகம் வீங்கியது, முடி கொட்டியது, நின்றால் தூக்கம் வந்தது.

“மாசியில அளம் திறக்கும்போது தேறியிருந்தா வா. இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவேன்” என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்தப் பெட்டியில்தான் இருந்தது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரத்தத்தைப் பார்த்துவிட்டு விளக்கமாகவே சொன்னார்.

“தைராய்டு குறைவு. ரத்தத்துல இரும்பும் குறைவு. இரும்பு இல்லன்னா தைராய்டு சுரப்பி வேலையை ஒழுங்கா செய்யாது. வைட்டமின் டி-யும் கம்மி. தைராய்டு கோளாறு உள்ள நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கு, எது எதனாலன்னு உறுதியா சொல்ல முடியல. மூணுக்கும் மாத்திரை எழுதியிருக்கேன். தைராய்டு மாத்திரை காலைல வெறும் வயித்துல. இரும்பு மாத்திரை நாலு மணி நேரம் கழிச்சு. ரெண்டையும் சேத்துப் போட்டா தைராய்டு மாத்திரை உடம்புல ஒட்டாது.”

அந்தச் சீட்டோடு மையத்துக்குப் போனாள். ஒருங்கிணைப்பு அலுவலர் தாணுலிங்கம் ஆரோக்கியத்தில் மிகுந்த அக்கறை உள்ளவர். கையில் ஒரு நவீன கடிகாரம் கட்டியிருந்தார். உட்கார்ந்தது போதும், எழுந்து நட என்று அது மணிக்கொரு தரம் நடுங்கும். அவர் உட்கார்ந்தபடியே கையை நாலு ஆட்டு ஆட்டி அதைச் சமாதானப்படுத்துவார்.

“ஏம்மா, நீ உப்பளத்துலதான வேலை பாக்க?”

“ஆமா சார்.”

“உப்புலயே கெடக்கவளுக்கு தைராய்டு எப்படி வரும்? வெயில்லயே நிக்கவளுக்கு வைட்டமின் டி எப்படிக் குறையும்? மேலிடத்துல கேட்டா நான் என்ன பதில் எழுத?”

“உப்பை வாருதோம் சார், திங்கதில்ல. அயோடினும் பொறவு மில்லுல போடுததுதான். வெயிலுக்குப் பயந்து முழுக்கைச் சட்டை, காலுக்கு சாக்ஸு, தலைக்குத் துண்டு. கண்ணு மட்டுந்தான் வெளிய தெரியும். அதுக்கும் கூலிங் கிளாஸ்.”

இதை அப்படியே நம்பிவிட்டால் அலுவலகம் எதற்கு? தாணுலிங்கம் நேரடிக் கள ஆய்வுக்குக் கிளம்பினார். முகத்தில் சன்ஸ்கிரீன், கைகளுக்கு உறை, தலைக்குமேல் குடை. உப்பளத்து வரப்பில் நான்கு நிமிடம் நின்றார். திரும்பி வந்து எழுதினார்: ‘வெயில் போதிய அளவில் கையிருப்பில் உள்ளது. பயனாளிதான் பெற்றுக்கொள்ளவில்லை.’

ஆகவே மாத்திரை தரலாம், ஆனால் தினமும் இருபது நிமிடம் மைய வளாகத்தில் அலுவலர் முன்னிலையில் வெயில் காய வேண்டும் என்று நிபந்தனை விதித்தார். முதல் நாளே மேற்பார்வைக்கு நின்ற அலுவலருக்குத் தலை சுற்றியது. அவருக்கு மேலே பச்சை வலையில் பந்தல் போட்டார்கள். அவருக்கு மட்டும் நிழலா, இது பாரபட்சம் ஆகாதா என்று யாரோ குறிப்பெழுத, பந்தல் வளாகம் முழுவதுக்கும் நீட்டிக்கப்பட்டது. அன்றிலிருந்து பயனாளிகள் நிழலில் வெயில் காய்ந்தார்கள்.

மாத்திரை ஜன்னலில் இருந்தவர் கிளாடிஸ். வெறும் வயிற்றோடு வந்து நின்ற பேச்சிச்செல்வியிடம் மாத்திரைகளைச் சேர்த்து நீட்டினார்.

“அக்கா, இரும்பு மாத்திரைய நாலு மணி நேரம் கழிச்சுல்லா போடணும்?”

“எனக்குத் தெரியாதாளா? ரெஜிஸ்டர்ல ஒருத்தருக்கு ஒரு கட்டந்தான். பத்து மணிக்கு ஒரு கையெழுத்து. ரெண்டு மணிக்குன்னு கட்டமே இல்ல.”

“கோடு போட்டு இன்னொரு கட்டம் வரையக் கூடாதா?”

“கோடு போட மேலிடத்து அனுமதி வேணும். எழுதிக் கேட்டுருக்கு.”

ஆறு வாரம் விழுங்கினாள். மார்கழியில் மறுபடி ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு இம்மியும் நகரவில்லை. தாணுலிங்கம் அவள் பெயருக்கு நேரே ‘ஒத்துழைக்காத பயனாளி’ என்று எழுதினார். இன்னொரு முறை இப்படி வந்தால் பெயரை அடித்துவிடுவாராம். பேச்சிச்செல்விக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ரெஜிஸ்டரையே விழுங்கியிருப்பாள்.

மறுநாள் மற்ற இரண்டை மட்டும் விழுங்கினாள். சிவப்பாக இருந்த இரும்பு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். கிளாடிஸ் அவள் கன்னத்தைப் பார்த்தார். பிறகு ரெஜிஸ்டரைப் பார்த்தார்.

“கையெழுத்து வாங்கணும்னுதான் சுற்றறிக்கையில இருக்கு. வாய்க்குள்ள பாக்கணும்னு இல்ல. போளா.”

வாசலைத் தாண்டியதும் மாத்திரையை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். மத்தியானம் சாப்பிட்டபின் எலுமிச்சைச் சாற்றோடு விழுங்கினாள். வீட்டு மாடியில் வற்றல் காயப்போடும்போது சட்டைக் கையைச் சுருட்டி, தன்னையும் கொஞ்சம் காயப்போட்டாள்.

தை முடிவில் எண்கள் தேறியிருந்தன. மாசியில் அளம் திறந்தது. மேஸ்திரி பெட்டியை எடுத்து நீட்டினார். பேச்சிச்செல்வி திரும்பி நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

மையத்துக்கோ கொண்டாட்டம். முன்னிலை விழுங்கலும் பந்தல் வெயிலும் மாபெரும் வெற்றி என்று அறிக்கை போனது. திட்டம் கடற்கரை முழுவதுக்கும் விரிவாக்கப்பட்டது. ரெஜிஸ்டரில் இரண்டாவது கட்டம் தேவையில்லை என்று மேலிடம் கோப்பை மூடியது. பேச்சிச்செல்வியின் படம் சுவரில் ஏறியது: ‘முன்னிலையில் விழுங்கினேன், முழுநலம் பெற்றேன்.’

அளத்துப் பெண்களுக்கு ரகசியம் எப்படிப் போனதென்று சொல்ல வேண்டியதில்லை. கன்னத்தில் மாத்திரையோடு கையெழுத்துக்கு நின்ற பத்து மணி வரிசை ஊமையாகிப்போனது. ‘பயனாளிகள் முன்மாதிரியான அமைதி காக்கின்றனர்’ என்று தாணுலிங்கம் பதிவு செய்தார்.

வெற்றி விழாவில் ஊழியர்களுக்கும் ரத்தம் எடுத்தார்கள். தாணுலிங்கத்துக்குத் தைராய்டு, இரும்பு, வைட்டமின் டி மூன்றும் குறைவு. விதி எல்லோருக்கும் பொது என்று அவரும் வரிசையில் நின்றார். மனுஷர் நேர்மையானவர். ஒருநாள் தவறாமல், கொடுத்ததையெல்லாம் சேர்த்து விழுங்கினார். ஆறு வாரம் கழித்து எண் அப்படியே இருந்தது. தன் பெயருக்கு நேரே ‘ஒத்துழைக்காத பயனாளி’ என்று தானே எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் அளத்திலிருந்து அரைமணி நேரம் கேட்டு ஓடிவந்த பேச்சிச்செல்வி, மாத்திரையை வாயில் போட்டுவிட்டுத் திரும்பினாள். பின்னால் தாணுலிங்கம் நின்றார். முகம் வீங்கியிருந்தது. கடிகாரம் நடுங்கியது, கையை ஆட்டக்கூட அவருக்குத் தெம்பில்லை.

“ஏம்மா, நீ மட்டும் எப்படித் தேறுன? எங்கிட்ட சொல்லு.”

அவளுக்கு உண்மையாகவே பாவமாக இருந்தது. அந்த வீக்கமும் அசதியும் அவளும் பட்டதுதான். சொல்லிவிடலாம் என்று வாய் வரை வந்தது. ஆனால் வாயில் இரும்பு கரையத் தொடங்கியிருந்தது. மாத்திரை வாங்கிக் கையெழுத்துக்கு நின்ற இருபது பெண்கள் உதட்டை இறுக்கிக்கொண்டு அவளையே பார்த்தார்கள்.

பேச்சிச்செல்வி கையைத் தூக்கிச் சுவரிலிருந்த தன் படத்தைக் காட்டினாள்.

தாணுலிங்கம் அதை நிதானமாக வாசித்தார், தலையாட்டினார். ஜன்னலில் கொடுத்ததையெல்லாம் ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, கிளாடிஸிடம் ஆவென்று வாயைத் திறந்து காட்டினார். அந்த வரிசையில் அந்த ஒரு வாய்தான் காலியாக இருந்தது.